காலில் கிளட்ச், கையில் கியர்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் மேனுவல் காரைச் சுற்றியே இருப்பதால், அவற்றுக்கு மட்டும் இந்தப் பக்கத்தை ஒதுக்கிவிட்டோம்.

கே: 2009ல் பதிவான சிவிக் டைப் ஆர் வைத்திருக்கிறேன். எஃப்டி2ஆர் மாடல். சிஓஇ (சிங்கப்பூரின் வாகன உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்தாயிற்று. எனக்குக் கியரை வேகமாக மாற்றித்தான் பழக்கம். “இப்படி மாற்றினால் 30,000 கிலோமீட்டரில் கிளட்ச் எரிந்துவிடும்” என்கிறார் நண்பர். உண்மையா?
– பிடோக் வாசகர்

ப: நண்பர் சரியான வியாதிக்குத் தவறான காரணம் சொல்கிறார். கிளட்ச் பிளேட் தேய்வது அது வழுக்கும் நேரத்தில் மட்டுமே. ஃபிளைவீலும் (எஞ்சினோடு சுற்றும் கனத்த சக்கரம்) பிளேட்டும் ஒரே வேகத்தில் சுற்றத் தொடங்கிய பிறகு, நீங்கள் 8,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் சுற்று) வரை மிதித்தாலும் தேய்மானம் கிடையாது. ஆக, கேட்க வேண்டியது ஒன்றுதான்: எந்த வேலையில் கிளட்ச் எவ்வளவு வெப்பத்தை விழுங்குகிறது?

ஓட்டுநரோடு சேர்த்து 1,400 கிலோ எடை, முதல் கியரில் மொத்த விகிதம் 14 என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டாவது கியரில் 7,000 ஆர்பிஎம் தொட்டு மூன்றாவதுக்கு மாறும்போது எஞ்சின் சுமார் 5,000க்கு இறங்க வேண்டும். கால் எடுத்து முறையாக மாற்றினால், அந்த 2,000 ஆர்பிஎம் வித்தியாசத்தைச் சமன் செய்யக் கிளட்ச் வாங்கும் வெப்பம் அதிகபட்சம் 4 முதல் 5 கிலோஜூல். சிக்னலில் 1,500 ஆர்பிஎம்மில் சாதாரணமாகக் கிளம்பினால் சுமார் 8. நின்றிருக்கும் அதே காரின் எஞ்சினை 5,000 ஆர்பிஎம்மில் பிடித்து, கிளட்சை விட்டு ‘லாஞ்ச்’ செய்தால், டயர் சுழலாமல் பிடித்துக்கொண்டால், 90க்கும் மேல்! வேகமான இருபது கியர் மாற்றம் கொடுக்கும் வெப்பத்தை ஒரே ஒரு லாஞ்ச் இரண்டு மூன்று வினாடிக்குள் கொடுத்துவிடுகிறது. பிளேட்டில் உள்ள பிசின் கருகி முகம் கண்ணாடிபோல் பளபளப்பாவது இப்படித்தான். அப்படி ஆன பிளேட் கனம் மிச்சமிருந்தாலும் பிடிக்காது.

லாஞ்சுக்கு அடுத்த எதிரி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிக் கார்நிறுத்துமிடத்தின் ஏற்றம். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் சரிவில், முன்னால் ஒருவர் இடம் தேடிக்கொண்டிருக்க, நீங்கள் ஹேண்ட்பிரேக் போடாமல் 1,500 ஆர்பிஎம்மில் கிளட்சை வைத்தே காரைத் தாங்கிப் பிடிக்கிறீர்கள். கார் நகரவே இல்லை என்பதால் கிளட்சுக்குப் போகும் சக்தி முழுவதும் வெப்பம்: வினாடிக்கு கிட்டத்தட்ட 5 கிலோஜூல். பத்து வினாடி தாங்கினால் பாதி லாஞ்ச். ரெட்லைனில் (எஞ்சின் வேகத்தின் உச்ச எல்லை) கியர் மாற்றுவதைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் இதைத் தினமும் இரண்டு முறை செய்கிறார்கள்.

அவசரமாகக் கியர் மாற்றுவதால் கெடுவது சிங்க்ரோ. அது அடுத்த கேள்வியில் வருகிறது.

கே: இரண்டிலிருந்து மூன்றுக்கு வேகமாகத் தள்ளும்போது ‘கர்ர்’ என்று பல் உரசும் சத்தம். மெதுவாக மாற்றினால் இல்லை. வேகமாக மாற்றுவதற்கு முறையான வழி என்ன? படிப்படியாகச் சொல்லுங்கள்.
– செங்காங் வாசகர்

ப: முதலில் பழுது எங்கே என்று பிரித்துவிடுவோம். காரை நிறுத்தி, எஞ்சின் ஓட, கிளட்சை முழுவதும் மிதித்து நான்கு வினாடி காத்திருந்து ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் உரசினால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. கிளட்ச் திரவத்தில் காற்று, கசியும் மாஸ்டர் அல்லது ஸ்லேவ் சிலிண்டர், வளைந்த பிளேட் ஆகியவற்றில் ஒன்று காரணம். ரிவர்ஸ் அமைதியாக விழுந்து, மூன்றாவதில் மட்டும் சத்தம் என்றால் அந்தக் கியரின் சிங்க்ரோ வளையம் தேய ஆரம்பித்திருக்கிறது.

அந்த வளையம் செய்யும் வேலையைப் புரிந்துகொண்டால் கை தானாகத் திருந்திவிடும். பெரும்பாலும் பித்தளையால் ஆன அது, கியரின் கூம்பு முகத்தில் அழுந்தி, உராய்வினால் இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்குகிறது. வேகம் ஒன்றாகும்வரை, கியரைப் பூட்டும் ஸ்லீவைக் குறுக்கே நின்று தடுக்கிறது. லீவரைத் தள்ளும்போது நடுவில் ஒரு கணம் ரப்பரைத் தொட்டதுபோல் தெரிகிறதே, அது இந்தத் தடுப்புதான். அங்கே கையை ஓங்கி அடித்தால் வளையத்தின் பல் முனை மழுங்கும். மழுங்கிய பல்லுக்குத் தடுக்கத் தெரியாது. அதன்பின் ஒவ்வொரு மாற்றத்திலும் உரசல்.

இப்போது முறை. நம் ஊர்க் காரில் லீவர் இடக்கையில் என்பதை மனத்தில் வைத்துப் படியுங்கள். வலக்கையால் கியர் மாற்றும் ஊர்களில் எடுத்த காணொளிகளைப் பார்த்துப் பழகினால் உள்ளங்கை தலைகீழாகிவிடும்.

மாற்றப்போகும் நேரம் நெருங்கும்போது மட்டும் கை லீவருக்குப் போகட்டும். இரண்டு விரல் பலத்தில் நியூட்ரல் பக்கம் லேசாக அழுத்தம் கொடுங்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எழுவதும் கிளட்ச் கீழே போவதும் ஒரே கணத்தில் நடக்க வேண்டும். கிளட்சைத் தரைவரை மிதியுங்கள். “பாதி மிதித்தால் வேகம்” என்பது சிங்க்ரோவைத் தின்னும் அறிவுரை. கிளட்ச் விட்டதும் லீவர் தானாகவே நியூட்ரலுக்கு நழுவும். அங்கிருந்து அடுத்த வாசல்வரை விரைவாக, வாசலில் அந்த ரப்பர்த் தடுப்பு தெரிந்ததும் ஒரே சீரான அழுத்தத்தில் நிற்க வேண்டும். கால் வினாடிக்கும் குறைவான நிற்றல்தான். தடுப்பு விலகியதும் கியர் உள்ளே இழுத்துக்கொள்வதுபோல் விழும். பிறகு பைட்டிங் பாயிண்ட்வரை (கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் இடம்) கிளட்சை விரைவாக விட்டு, அங்கிருந்து தயங்காமல் மேலே. கூடவே ஆக்சிலரேட்டர். ஆரம்பம் முதல் முடிவுவரை அரை வினாடி வந்தால் தெருவில் ஓட்டுகிறவருக்கு அது நல்ல வேகம்.

சரியாகச் செய்தோமா என்பதைக் கார் சொல்லிவிடும். கிளட்ச் விட்டதும் கார் முன்னால் பாய்ந்தால் எஞ்சின் இன்னும் இறங்கவில்லை, சீக்கிரம் விட்டுவிட்டீர்கள். மூக்கு தாழ்ந்தால் எஞ்சின் தேவைக்குமேல் இறங்கிவிட்டது, கை தாமதம். இரண்டும் இல்லாமல் இழுவை மட்டும் தொடர்ந்தால் அதுதான் அளவு. 3,000 ஆர்பிஎம்மில் இது பத்து முறைக்குப் பத்து முறை வந்தபின் ரெவ்வைக் கூட்டுங்கள்.

உள்ளங்கை எந்தப் பக்கம்? ஒன்றிலிருந்து இரண்டுக்கு இழுக்கும்போது குமிழின் வலப்பக்கத்தில் கை, உள்ளங்கை பயணியைப் பார்த்து, லேசாக அந்தப் பக்கம் அழுத்தியபடி. இரண்டிலிருந்து மூன்றுக்கு உள்ளங்கையின் அடிப்பகுதியால் நேராக முன்னே. பக்கவாட்டில் நகர்த்துவதை உள்ளிருக்கும் ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும். மூன்றிலிருந்து நான்குக்கு கை குமிழின் இடப்பக்கம் போய், உள்ளங்கை உங்களைப் பார்க்க வேண்டும். இது அழகுக்காக அன்று. நான்குக்குப் பதில் இரண்டில் விழுந்தால், 7,500ல் இருந்த எஞ்சினைச் சக்கரங்கள் 10,500 ஆர்பிஎம்முக்கு இழுத்துவிடும். ரெவ் லிமிட்டர் எரிபொருளைத்தான் நிறுத்தும், சக்கரம் எஞ்சினைச் சுழற்றுவதை நிறுத்தாது. வால்வு பிஸ்டனில் மோதியபின் பேசுவதற்கு ஒன்றும் இல்லை. ஐந்திலிருந்து நான்குக்கு இறங்கும்போதும் இதே ஆபத்து உண்டு.

உங்கள் காருக்குக் கடைசியாக ஒன்று: கியர் ஆயிலை மாற்றிப் பாருங்கள். ‘விலை அதிகம், நல்லது’ என்று யாராவது ஜிஎல்-5 தர ஆயிலை ஊற்றியிருந்தால் அதுவே உரசலுக்குக் காரணமாக இருக்கலாம். அதிலுள்ள கந்தகம், பாஸ்பரஸ் கலந்த சேர்க்கைகள் அதிக அழுத்தத்தில் பல்லைக் காக்கும். ஆனால் வளையத்துக்குத் தேவையான உராய்வைக் குறைக்கும், சில வகைகள் பித்தளையையும் அரிக்கும். பெரும்பாலான முன்சக்கர மேனுவல்களுக்கு ஜிஎல்-4 அல்லது தயாரிப்பாளரின் சொந்த எம்டிஎஃப் (மேனுவல் கியர்பாக்ஸ் ஆயில்). சுபாருவில் மட்டும் கதை வேறு: முன் டிஃபரன்ஷியலும் அதே ஆயிலில் குளிப்பதால் கையேடே ஜிஎல்-5 கேட்கும். கையேட்டில் உள்ளதை ஊற்றுங்கள், கடைக்காரர் சொல்வதை அல்ல. புது ஆயிலில் 500 கிலோமீட்டர் ஓடியும் சத்தம் தொடர்ந்தால் கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டியதுதான்.

கே: ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமலே மாற்றினால் இன்னும் வேகம் என்கிறார்களே?
– தெம்பனிஸ் வாசகர்

ப: வேகம்தான். கணினி பற்றவைப்பைத் துண்டித்து உதவும் கார்களில் மட்டும். அந்த வசதி இல்லாத காரில் கிளட்ச் மிதித்த கணத்தில் எஞ்சின் லிமிட்டருக்கு எகிறும். முழு டார்க்கோடு அதைக் கீழே இழுக்கும் வேலை பிளேட்டின் தலையில் விழும். முதல் பதிலில் சொன்ன 4 கிலோஜூல் 16ஐத் தொட்டுவிடும். ரேஸ் ஓட்டுபவர் வாரத்துக்கு ஒரு பிளேட் மாற்றுவார். நீங்கள்?

தவிர, சிங்கப்பூரில் சட்டப்படி எங்கே இதைச் செய்வீர்கள்? விரைவுச்சாலையில் உச்ச வரம்பு மணிக்கு 90 கிலோமீட்டர். எஃப்டி2ஆர் போன்ற காரில் இரண்டாவது கியர் ரெட்லைனே அந்த வரம்பைத் தொட்டுவிடும். முழு ரெவ்வில் ஒன்றிலிருந்து இரண்டுக்கு ஒரு மாற்றம், அதோடு சரி. மிச்சத்தை 5.543 கிலோமீட்டர் நீளமுள்ள மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்தில் டிராக் டே அன்று வைத்துக்கொள்ளுங்கள்.

கே: வாரம் ஐந்து நாள் கடற்பாலத்தைக் கடந்து ஜோகூர் போய் வருகிறேன். கார் சுஸுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட். நெரிசலில் இடக்கால் மரத்துப்போகிறது. சில நாள் எரிந்த வாடை. கிளட்சைக் காப்பாற்ற வழி உண்டா?
– உட்லண்ட்ஸ் வாசகர்

ப: உண்டு, கொஞ்சம் தடித்த தோல் வேண்டும். முன்னால் உள்ள கார் ஒரு மீட்டர் நகர்ந்ததும் நீங்களும் ஒரு மீட்டர் நகர்வதுதான் பிரச்சினை. ஒவ்வொரு முறையும் கிளட்ச் பாதியில் நின்று வழுக்கி, முழுதாகச் சேர்வதற்குள் மறுபடி மிதிபடுகிறது. இரண்டு கார் நீளம் இடைவெளி விழும்வரை காத்திருங்கள். பிறகு ஆக்சிலரேட்டரைத் தொடாமல், ஐட்லிங்கிலேயே முதல் கியரில் கிளட்சை முழுவதும் விட்டுவிடுங்கள். கார் மணிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில் தானே ஊரும், கால் பெடலை விட்டு விலகியிருக்கும். இப்படிக் கிளம்பும் ஒரு முறைக்குச் செலவு 3 கிலோஜூலுக்கும் குறைவு. இடையில் யாராவது புகுந்தால் புகட்டும். பின்னால் ஹாரன் அடிப்பவர் உங்கள் கிளட்சுக்குக் காசு தரப்போவதில்லை.

நின்றுவிட்டால் நியூட்ரல், ஹேண்ட்பிரேக், கால் தரையில். பெடலை மிதித்தபடியே நிமிடக்கணக்கில் நிற்பதால் பிளேட் தேயாது. ஆனால் ரிலீஸ் பேரிங் முழு ஸ்பிரிங் பலத்தையும் தாங்கிக்கொண்டு சுற்றிக்கொண்டே இருக்கும். பெடலை மிதித்தால் மட்டும் கீச்சிடும் கார்களில் பழுது பெரும்பாலும் அதுதான். (மிதிக்காதபோது கேட்டு, மிதித்தால் நிற்கும் சத்தம் கியர்பாக்ஸ் உள்ளிருக்கும் பேரிங்குடையது. இரண்டையும் குழப்பிக்கொண்டு கிளட்ச் செட் வாங்குபவர்கள் உண்டு.)

வாடை வந்த நாளில் எஞ்சினை அணைத்து நிற்பதைவிட, வழி திறந்ததும் பத்து நிமிடம் சீராக, கிளட்சைத் தொடாமல் மூன்றாவது நான்காவது கியரில் ஓட்டுவது நல்லது. சுற்றும் ஃபிளைவீலே காற்றைக் கலக்கி வெப்பத்தை வெளியே தள்ளும். அன்றைக்கு மட்டும் அடுக்குமாடி ஏற்றத்தில் நின்று கிளம்பாதீர்கள்.

கே: டர்போ காருக்கு ஸ்டேஜ் 1 டியூன் (எஞ்சின் கணினியை மாற்றிச் சக்தியைக் கூட்டுவது) போட்டேன். டார்க் 350 நியூட்டன் மீட்டர் என்கிறார்கள். இப்போது நான்காவது கியரில் முழுதாக மிதித்தால் ஆர்பிஎம் முள் மட்டும் ஏறுகிறது. ட்வின் பிளேட் போடலாமா?
– ஜூரோங் வாசகர்

ப: வழுக்குகிறது, சந்தேகமில்லை. உறுதி செய்ய வேண்டுமானால் எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, வாகனம் குறைந்த சாலையில் நான்காவது கியர், 2,000 ஆர்பிஎம்மிலிருந்து முழு ஆக்சிலரேட்டர். டர்போ தள்ளும் கணத்தில் முள் 500, 1,000 என்று துள்ளி, வேகமானி பின்தங்கினால் முடிந்தது. ஒரு முறை போதும். சோதனை என்ற பெயரில் நான்கு முறை செய்தால் மிச்சப் பிளேட்டையும் நீங்களே எரித்துவிடுவீர்கள். புதுப் பிளேட் வரும்வரை டியூனைக் குறைத்து வையுங்கள்.

கிளட்ச் எவ்வளவு டார்க் தாங்கும் என்பதை நான்கு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: பிரெஷர் பிளேட்டின் அழுத்தம், உராய்வுப் பொருளின் பிடி, பிளேட்டின் சராசரி ஆரம், உராயும் முகங்களின் எண்ணிக்கை. அழுத்தத்தை 30 விழுக்காடு கூட்டினால் டார்க்கும் 30 விழுக்காடு கூடும், பெடலும் கனக்கும். ட்வின் பிளேட்டில் இரண்டு முகங்கள் நான்காகின்றன. அதே அழுத்தத்தில் இரு மடங்கு தாங்கும். ஆனால் 350க்கு அது தேவையில்லை, பணமும் அதிகம், பலவற்றில் ஐட்லிங்கில் கலகலச் சத்தமும் உண்டு. செராமெட்டாலிக் துண்டுகள் பதித்த பிளேட் வெப்பத்தைத் தாங்கும். ஆனால் பைட்டிங் பாயிண்ட் விளக்கு ஸ்விட்ச் மாதிரி. கடற்பால நெரிசலில் அதை ஓட்டிப் பார்த்தவர் மறுநாளே விற்பனை விளம்பரம் எழுதுவார். எஞ்சின் டார்க்குக்கு மேல் 20 முதல் 30 விழுக்காடு தாங்குதிறன் உள்ள, முழு வட்ட ஆர்கானிக் பிளேட்டும் வலுவான பிரெஷர் பிளேட்டும் உங்களுக்குப் போதும். 450 நியூட்டன் மீட்டர் வரை மதிப்பிட்டதைக் கேளுங்கள்.

கியர்பாக்ஸ் இறங்கும் வேலை என்பதால் ரிலீஸ் பேரிங், இருந்தால் பைலட் பேரிங், கிரேங்க்கின் பின்பக்க ஆயில் சீல் மூன்றையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். சீல் கசிந்து ஒரு சொட்டு ஆயில் பிளேட்டில் பட்டால் கிளம்பும்போதெல்லாம் கார் நடுங்கும். ஃபிளைவீல் ஒற்றையாக இருந்தால் முகத்தைக் கடைந்து சமன் செய்யலாம். டூயல் மாஸ் (ஸ்பிரிங்கால் இணைத்த இரு பகுதி) என்றால் பொதுவாகக் கடைவதில்லை. அளவுக்கு மீறி ஆடினால் மாற்ற வேண்டும். காக்கி புக்கிட்டோ சின் மிங்கோ, எந்தப் பட்டறையானாலும் இந்த மூன்றைக் கண்ணால் பாருங்கள்: புதுப் பிளேட்டின் முகத்தை வெறும் விரலால் தொடாமல், ஃபிளைவீலை பிரேக் கிளீனரால் துடைக்கிறார்களா? ஸ்பிளைனில் தடவும் கிரீஸ் பட்டாணி அளவுக்குள் இருக்கிறதா? கூடினால் அது தெறித்துப் பிளேட்டுக்கே போகும். பிரெஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக டார்க் ரெஞ்சில் முறுக்குகிறார்களா? ஒரு பக்கம் முழுதாக முறுக்கி மறுபக்கம் போனால் மூடி வளைந்து, புதுக் கிளட்சே சரியாக விடுபடாது.

முதல் 500 முதல் 800 கிலோமீட்டர் ஊருக்குள் சாதாரண ஓட்டம், நின்று கிளம்புவது நிறைய இருக்கட்டும். இந்த ஒரு வேலைக்குத் தீவு விரைவுச்சாலை உதவாது. அங்கே கிளட்ச் வழுக்குவதே இல்லை, பிளேட் எப்படிப் பதியும்? தயாரிப்பாளர் இதற்குமேல் சொன்னால் அதைக் கேளுங்கள்.

கே: கியர் இறக்கும்போது ஆக்சிலரேட்டரைத் தட்டி ரெவ்வைச் சமன் செய்வது வெறும் ஸ்டைலா, கிளட்சுக்கு லாபமா?
– பொங்கோல் வாசகர்

ப: லாபம்தான். நான்கிலிருந்து மூன்றுக்கு இறங்கினால் எஞ்சின் மூன்றில் ஒரு பங்கு வேகம் கூட வேண்டும். அதை ஆக்சிலரேட்டர் தராவிட்டால் கிளட்ச் தர வேண்டும். 2017க்குப் பிந்தைய டைப் ஆர், ஐஎம்டி என்ற தானியங்கி ரெவ் வசதி உள்ள டொயோட்டா ஜிஆர் கார்கள் தாமே செய்துகொள்கின்றன. மற்றவர்கள் காலால் செய்யலாம். வராவிட்டால் பிரேக்கிலேயே வேகத்தைக் குறைத்து, கடைசியில் ஒரே கியர் இறக்குங்கள். பிரேக் பேட் மாற்ற கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டியதில்லை.

கே: கிளட்ச் பெடல் மதியத்தில் தொளதொளவென்று கீழே போகிறது, காலையில் சரியாக இருக்கிறது. திரவம் கறுப்பாக இருக்கிறது.
– சுவா சூ காங் வாசகர்

ப: திரவத்தை மாற்றும் நேரம் கடந்துவிட்டது. டாட் 4 திரவம் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியசில் கொதிக்கும். ஈரம் சேர்ந்தபின் அந்த எல்லை 155க்கு இறங்குகிறது. நம் ஊர் ஈரப்பதத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவது நியாயம். உதவிக்கு ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, ஸ்லேவ் சிலிண்டரின் நிப்பிளைத் திறந்து, மூடி, அதன் பிறகே பெடலைக் கையால் மேலே தூக்க வேண்டும். இந்த வரிசை தவறினால் காற்று உள்ளே போகும். கிண்ணம் காலியாகவே கூடாது. பெயிண்ட்டில் சொட்டினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள். கறுப்பு உடனே திரும்பிவந்தால் உள்ளே ரப்பர் தேய்கிறது, சிலிண்டரை மாற்றுங்கள்.

கே: என்னிடம் 3ஏ உரிமம். மேனுவல் வாங்கி ஓட்டலாமா?
– ஈசூன் வாசகர்

ப: வாங்கலாம், ஓட்ட முடியாது. 3ஏ ஆட்டோவுக்கு மட்டும். வகுப்பு 3 தேர்வில் தேறிய பிறகு வாருங்கள்.

கே: சிஓஇ மூன்று ஆண்டு மிச்சமுள்ள பழைய மேனுவல் ஸ்போர்ட்ஸ் கார் பார்க்கப் போகிறேன். விற்பவர் “கிளட்ச் புதுசு” என்கிறார். பத்து நிமிடத்தில் எப்படிச் சோதிப்பது?
– சிராங்கூன் வாசகர்

ப: எஞ்சின் ஆறியிருக்கும்போது போங்கள், சூடாக்கி வைத்திருந்தால் அதற்கும் ஒரு காரணம் இருக்கும். முதலில் பெடல். டயாஃப்ரம் ஸ்பிரிங் உள்ள கிளட்ச் தேயத் தேயப் பெடல் கனக்கும். பிறகு பானெட்டைத் திறந்து கிளட்ச் திரவக் கிண்ணத்தைப் பாருங்கள். பிரேக் பேட் தேய்ந்தால் திரவம் இறங்கும். கிளட்சில் நேர்மாறு: பிளேட் தேய்ந்தால் ஸ்பிரிங் விரல்கள் கியர்பாக்ஸ் பக்கம் நகர்ந்து ஸ்லேவ் பிஸ்டனை உள்ளே தள்ளும், திரவம் கிண்ணத்துக்குத் திரும்பி மட்டம் ஏறும். தனிக் கிண்ணம் உள்ள காரில் மட்டம் மேல் கோட்டைத் தாண்டி நின்றால் “புதுசு” என்ற சொல்லைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள்.

ஓட்டும்போது ரிவர்ஸில் மெதுவாகக் கிளம்பி நடுக்கம் பாருங்கள். முதல் சில நிமிடம் இரண்டாவது கியர் கொஞ்சம் விறைப்பாக விழுவது கெட்டியான ஆயிலால், அது சகஜம், உரசல் சகஜமில்லை. சூடான பிறகு மூன்றிலிருந்து இரண்டுக்கு நிதானமாக இறக்குங்கள், அந்த சிங்க்ரோதான் பெரும்பாலும் முதலில் போகும். கடைசியாக மேலே சொன்ன நான்காவது கியர் சோதனை, ஒரே ஒரு முறை. கிளட்ச் மாற்றிய ரசீதில் பிளேட், பிரெஷர் பிளேட், பேரிங் மூன்றும் இருக்கிறதா, அன்றைய கிலோமீட்டர் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ரசீது இல்லையென்றால் பழைய கிளட்ச் என்றே வைத்துக்கொண்டு, முழுச் செட்டும் கூலியும் எவ்வளவு ஆகும் என்று ஒரு பட்டறையில் விசாரித்து, அந்த வெள்ளியைக் கழித்த விலையைச் சொல்லுங்கள்.